வெள்ளைச் சாலைகளில் என் ஓட்டம்



விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரை நிரையாகப் பால்மரங்களைச் சுற்றி வந்த கால்கள் நம் பெற்றோருடையவை. அவர்களிடம் போய், "ஓடுவதற்காக ஒருவன் விமானம் ஏறி இத்தாலிக்குப் போனான்" என்று சொன்னால் சிரிக்க மாட்டார்களா? என் தாயார் சிரிக்கத்தான் செய்தார். "ஏன்டா, இங்கே ரோடு இல்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியன். வயது நாற்பத்தேழு. மாணவப் பருவத்தில் மாவட்டப் போட்டிகளில் 1,500 மீட்டர் ஓடியவன். ஆசிரியர் பயிற்சி முடித்து, கல்யாணமாகி, மோட்டார் சைக்கிள் வாங்கிய நாளோடு என் ஓட்டம் நின்றுபோனது. மூன்றாண்டுகளுக்கு முன் டாக்டர் என் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, இனிப்பு நீர் வாசற்படியில் நிற்கிறது. உள்ளே விடுவதும் விரட்டுவதும் உங்கள் கையில்" என்றார்.

எனக்கு உடனே என் தந்தையாரின் நினைவு வந்தது. பால்வெட்டியாக இருந்தவரை அவர் உடம்பில் ஒரு குறையும் இருந்ததில்லை. ஐம்பத்தைந்தில் ஓய்வு பெற்றுப் பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனோம். நடக்க இடமில்லை, நாற்காலியே கதி. சில ஆண்டுகளில் இனிப்பு நீர் வந்தது. ஒரு நாள் கால் கழுவ ஊற்றிய வெந்நீர் சுட்டது அவருக்கே தெரியவில்லை. அந்தப் புண் ஆறாமல், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். 2009-இல் அவர் காலமானார்.

ஆகவே நான் மீண்டும் ஓடத் தொடங்கினேன். முதலில் நடை, பிறகு மெதுவோட்டம். 2024 மே மாதக் கடைசிப் பள்ளி விடுமுறையில், இத்தாலியின் சியென்னா நகரில் மேற்படிப்புப் படிக்கும் என் அக்காள் மகன், "மாமா, இங்கே வந்து ஒரு வாரம் ஓடிப் பாருங்கள்" என்று அழைத்தான். கூட்டுறவுச் சங்கத்தில் போட்டு வைத்திருந்த சேமிப்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

சின்ன ஊர், பெரிய வெளி

சியென்னாவிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்திற்கு மேல் தெற்கே போனால் சான் குயிரிக்கோ டோர்ச்சா என்ற ஊர் வரும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டின்மேல் இருக்கிறது. மூவாயிரத்துக்கும் குறைந்த மக்கள். நம் பக்கத்துப் பெரிய தோட்டங்களில் ஒரு காலத்தில் இருந்த சனத்தொகைதான்! பழைய மதிற்சுவர், சிங்கங்கள் காவல் காக்கும் வாசலுடைய கல் தேவாலயம், 1580-ஆம் ஆண்டு வாக்கில் அமைத்த ஒரு பூந்தோட்டம். வேலிச் செடிகளை முக்கோணமும் சதுரமுமாகக் கத்தரித்து வைத்திருக்கிறார்கள். காசு கேட்காமல் எல்லாரையும் உள்ளே விடுகிறார்கள்.

ஊருக்கு வெளியே வந்தால் ஓர்ச்சா ஆற்றுப் பள்ளத்தாக்கு. அலை அலையாகக் கோதுமை மேடுகள். இடையிடையே சிவப்புப் பாப்பிப் பூக்கள். மேட்டின் உச்சியில் ஒற்றை வீடு. வீட்டுக்குப் போகும் பாதையோரம் சிப்பாய்கள் போல் நிற்கும் சைப்ரஸ் மரங்கள். தெற்கே 1,738 மீட்டர் உயர அமியாத்தா மலை, அணைந்துபோன ஓர் எரிமலை. இந்தப் பள்ளத்தாக்கை 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

மேடுகளுக்கிடையே வளைந்து போகின்றன வெள்ளைச் சாலைகள். தார் போடாத, சுண்ணாம்புக் கல் பரப்பிய மண் சாலைகள். நம் தோட்டத்துச் சாலை சிவப்பு, அவர்களுடையது வெள்ளை. மற்றபடி புழுதியும் குழியும் நடுவில் புல் முளைத்த மேடும் எல்லாம் ஒன்றுதான். முதல் நாள் அதில் கால் வைத்தபோது, நான் எங்கோ அந்நிய தேசத்தில் இருக்கிறேன் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

மூன்று பாதைகள்

நீங்கள் அங்கே போனால் எந்தப் பாதையில் ஓடலாம்? நான் ஓடிய மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கால் பழக. மதிலை ஒட்டி ஊரைச் சுற்றி வருவது. காலை ஐந்தரைக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடுகிறது. ரொட்டிக் கடையில் மட்டும் விளக்கு எரியும். இரண்டு மூன்று சுற்று ஓடி, பொதுக் குழாயில் தண்ணீர் குடித்து, பூந்தோட்டத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கலாம். என்னைப் போன்ற தொந்தி ஆசாமிகளுக்கு முதல் நாள் இதுவே போதும்.

இரண்டாவது, தெற்கே பான்யோ வின்யோனிக்குப் போகும் பாதை. ஐந்தரை கிலோமீட்டர் இருக்கும். நம் கணக்கில் மூன்றரைக் கட்டை. இது சாதாரணப் பாதையன்று. இங்கிலாந்தின் காண்டர்பரியிலிருந்து ரோமாபுரிக்குப் போகும் பிராஞ்சிஜெனா என்ற பழைய யாத்திரைப் பாதையின் ஒரு துண்டு. 990-ஆம் ஆண்டில் சிகெரிக் என்ற பேராயர் ரோமாபுரிக்குச் சென்று திரும்பியபோது, தங்கிய இடங்களை வரிசையாக எழுதி வைத்தார்கள். ஏறக்குறைய எண்பது இடங்கள். அந்தப் பட்டியலில் சான் குயிரிக்கோவும் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு சாமியார் நடந்த வழியில் தோட்டப் பள்ளி வாத்தியார் ஒருவன் மூச்சிரைக்க ஓடினான் என்பதை நினைத்துப் பாருங்கள்!

பாதை முதலில் ஏறுகிறது. மேலே வின்யோனி என்ற குக்கிராமம். ஒரு பழைய கோபுரமும் சில கல் வீடுகளுமே ஊர். அங்கே நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில். பிறகு இறக்கம். இறங்கினால் பான்யோ வின்யோனி. நம் ஊர்களில் கோயிலுக்கு முன்னால் தெப்பக்குளம் இருக்குமல்லவா? அங்கே ஊர்ச் சதுக்கமே குளம்! அதுவும் வெந்நீர்க் குளம். பூமிக்கடியிலிருந்து ஏறக்குறைய 50 பாகைச் சூட்டில் ஊற்று பொங்கி வருகிறது. சியென்னாவின் புனித கத்தரீனாள் வந்து நீராடிய இடம் என்கிறார்கள். இப்போது குளத்தில் இறங்கக்கூடாது. ஆனால் அந்த நீர் வழிந்தோடி, பாறையில் குடைந்த பழைய மாவரைக்கும் ஆலைகளைத் தாண்டிக் கீழே விழுகிறது. கோடையில் ஆறு வற்றினாலும் ஊற்று வற்றாததால், அந்தக் காலத்தில் இங்கே ஆண்டு முழுவதும் மாவரைக்க முடிந்ததாம். வாய்க்காலில் வரும்போது நீர் வெதுவெதுப்பாகிவிடுகிறது. நடந்து வருகிறவர்கள் சப்பாத்தைக் கழற்றி அதில் கால் நனைக்கிறார்கள்.

நானும் சப்பாத்தைக் கழற்றினேன். கழற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "என்ன மாமா, காலை வையுங்கள்" என்றான் பையன். முதலில் கையை விட்டுச் சூடு பார்த்தேன். பிறகு கால் விரல்களை ஒவ்வொன்றாக நனைத்தேன். சுட்டது, இலேசாகச் சுட்டது. அந்தச் சூடு தெரிந்ததில் எனக்கு உண்டான ஆறுதலை எப்படி எழுதுவேன்? என் தந்தையின் காலுக்குத் தெரியாமல் போனது என் காலுக்குத் தெரிகிறது. முகத்தைக் கழுவிக்கொள்வதுபோல் கழுவிக்கொண்டேன். பையன் ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்கும் அவர் தாத்தாதானே.

மூன்றாவது பாதை கிழக்கே பியென்சாவுக்கு. ஏறக்குறைய பத்துப் பதினோரு கிலோமீட்டர். பாதி வழியில் வித்தலேத்தா என்ற சிறு தேவாலயம், இரு பக்கமும் சைப்ரஸ் மரங்களோடு கோதுமை வயல் நடுவே தனியாக நிற்கிறது. நம் ஊரில் செம்பனைக் காட்டு நடுவே முனீஸ்வரர் கோயில் நிற்பது போல. பியென்சா சிறிய மேட்டு ஊர். அங்கே பிறந்த ஒருவர் இரண்டாம் பயஸ் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனார். தாம் பிறந்த சிற்றூரை மறக்காமல் 1459-இல் ரொசெல்லினோ என்ற கட்டடக் கலைஞரை வைத்து அழகிய நகரமாகத் திருத்திக் கட்டச் செய்தார். ஊருக்குத் தம் பெயரையே வைத்தார் என்பது வேறு கதை! கடைகளில் ஆட்டுப்பால் கட்டியின் மணம் தெருவெல்லாம் வீசுகிறது. மூன்றாவது பாதையை நான் முழுவதும் ஓடவில்லை. ஏற்றங்களில் நடந்தேன், திரும்பப் பேருந்தில் வந்தேன். உண்மையைச் சொல்வதில் வெட்கமென்ன?

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த வட்டாரத்து ரொட்டியில் உப்பே போடுவதில்லை. கையால் உருட்டிய பிச்சி என்ற மாவுப் பண்டம், தடித்த இடியாப்பம் போல் இருக்கும். ஓடிவிட்டு வந்தால் இரண்டும் தேவாமிர்தம்.

அந்த ஒற்றை வீடுகள் யாருடையவை?

வித்தலேத்தாவுக்கு அப்பால் ஒரு காலி வீட்டைக் கண்டேன். கூரை பாதி விழுந்து, மாட்டுத் தொழுவம் மட்டும் நின்றது. பக்கத்துக் காய்கறிப் பாத்தியில் ஒரு பெரியவர் களை எடுத்துக்கொண்டிருந்தார். எண்பது வயதிருக்கும். "புவொன் ஜோர்னோ" என்று வணக்கம் சொன்னேன். மீதியைப் பையன் மொழிபெயர்த்தான்.

இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு காலத்தில் பெரிய பண்ணைகளாக இருந்தது. நிலம் முதலாளியுடையது. ஒவ்வொரு மேட்டிலும் ஒரு வீடு. வீட்டுக்கு ஒரு குடும்பம். தாத்தா, மகன்கள், மருமகள்கள், பிள்ளைகள் எல்லாருமாக உழைத்து, விளைச்சலில் பாதியை முதலாளிக்குக் கொடுக்க வேண்டும். இதற்கு மெட்சாத்ரியா என்று பெயர். பாதிப் பங்குச் சாகுபடி. வீடும் அவர்களுடையதன்று. முதலாளி போகச் சொன்னால் போக வேண்டியதுதான். வாசகர்களே, இது உங்களுக்கு எங்கோ கேட்ட கதைபோல் இல்லையா?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இளைஞர்கள் ஆலை வேலை தேடிப் பட்டணம் போனார்கள். 1964-இல் புதிய பாதிப் பங்கு ஒப்பந்தங்கள் கூடாது என்று சட்டம் வந்தது. 1982-இல் வந்த சட்டம் மிச்சமிருந்தவற்றைக் குத்தகையாக மாற்ற வழி செய்தது. அதற்குள் ஆயிரக்கணக்கான வீடுகள் காலியாகிவிட்டன. சில நிலங்களுக்குச் சார்டினியாத் தீவிலிருந்து ஆட்டிடையர்கள் வந்து குடியேறினார்கள். பிற்பாடு பல வீடுகளைச் செப்பனிட்டு, பயணிகள் தங்கும் விடுதிகளாக மாற்றினார்கள். இந்தப் பெரியவர் பிறந்த வீடுதான் அந்தக் கூரை விழுந்த வீடு.

"நீங்கள் சின்ன வயதில் இந்தச் சாலையில் ஓடியிருக்கிறீர்களா?" என்று கேட்கச் சொன்னேன். அவர் சிரித்தார். "பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம், மாட்டுக்குப் பின்னால் நடந்தோம். நாய் துரத்தினால்தான் ஓடுவோம். இப்போது காசு கொடுத்து வந்து ஓடுகிறார்கள்!" என்றார். பிறகு களைக்கொட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நாங்கள் போனபின் பல பாதைகள் செத்துப்போயின. யாரும் நடக்காவிட்டால் மூன்று வருஷத்தில் முள் மூடிவிடும். ஒருவன் உழுது வயலில் சேர்த்துவிடுவான். பிறகு பாதை இருந்ததென்று சொன்னாலும் யார் நம்புவார்கள்?"

அந்தக் கேள்வியை மனத்தில் சுமந்துகொண்டே ஊர் திரும்பினேன்.

பாதையைக் காப்பது எப்படி?

இத்தாலியர்கள் செய்த காரியம் எளிமையானது. அடையாளம் போட்டார்கள். 1863-இல் தொடங்கிய இத்தாலிய மலையேறுவோர் சங்கம் நாடெங்கும் நடைபாதைகளில் சிவப்பும் வெள்ளையுமான பட்டைகளைக் கல்லிலும் மரத்திலும் தீட்டி வைத்திருக்கிறது. தீட்டுகிறவர்களும் முள் வெட்டுகிறவர்களும் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். யாத்திரைப் பாதையில் மூட்டை சுமந்த ஒரு குட்டி மனிதனின் படத்தையும் காணலாம். எனக்கு மொழி தெரியாது. ஆனாலும் ஒரு நாளும் வழி தவறவில்லை.

வெள்ளைச் சாலைகளுக்குத் தார் போட்டுவிடுவார்களோ என்ற கவலை வந்தபோது, 1997-இல் காயோலே என்ற ஊரில் பழைய சைக்கிள்களில் அந்தச் சாலைகளைச் சுற்றும் விழா ஒன்றைத் தொடங்கினார்கள். எரோய்க்கா என்று பெயர். அது உலகப் புகழ் பெற்றுவிட்டது. வெள்ளைச் சாலைக்கும் மதிப்பு வந்துவிட்டது.

சியென்னா நகர மண்டபத்தில் ஒரு சுவரோவியம் பார்த்தேன். அம்புரோஜியோ லொரென்செத்தி 1338, 1339 ஆண்டுகளில் தீட்டியது. நல்லாட்சி நடந்தால் நாட்டுப்புறம் எப்படியிருக்கும் என்று காட்டுகிறது. உழவர்கள் உழுகிறார்கள், கழுதைகள் மூட்டை சுமக்கின்றன, நகர வாசலிலிருந்து சனங்கள் சாலையில் நடமாடுகிறார்கள். வானத்தில் பாதுகாப்பு என்னும் தேவதை. அச்சமில்லாமல் நடமாடலாம் என்று அவள் எல்லாருக்கும் உறுதி கூறுகிறாள். ஏழை எளியவர் பயமின்றி நடக்க ஒரு வழி இருப்பதை அறுநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்பே நல்லாட்சியின் அடையாளமாகக் கருதினார்கள்.

போகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள்

மழை பெய்த மறுநாள் வயலோரப் பாதையில் இறங்காதீர்கள். பள்ளத்தாக்கின் மண், பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த களிமண். பத்து அடியில் சப்பாத்து ஒவ்வொன்றும் ஒரு செங்கல் கனம் ஆகிவிடும்.

ஆட்டு மந்தைக்குக் காவலாக மரெம்மா என்ற பெரிய வெள்ளை நாய்கள் உண்டு. அவற்றைக் கண்டால் ஓட்டத்தை நிறுத்தி, மந்தையை விட்டு விலகி மெதுவாக நடங்கள். நான் நின்ற வேகத்தைப் பார்த்துப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு முதல் ஜனவரி முடிய வேட்டைக் காலம். அப்போது கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சட்டை அணிய வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் வேட்டைக்கு விடுமுறை. சூலை, ஆகஸ்டில் வெயில் கடுமை, நிழல் அரிது. மே மாதமே உத்தமம்.

இனிப்பு நீர் உள்ளவர்கள், எந்த நாட்டில் ஓடினாலும், சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். வெறுங்காலோடு ஓடாதீர்கள். ஓடி முடித்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெந்நீரைக் காலுக்கு ஊற்றுமுன் முழங்கையால் சூடு பாருங்கள். கையும் மரத்திருந்தால் வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் சிவப்புச் சாலை

ஊர் திரும்பியதும் எங்கள் தோட்டத்தைப் புதுக் கண்ணோடு பார்த்தேன். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பாதி நிலம் கைமாறிவிட்டது. லயத்திலிருந்து கோயிலுக்கும் ஆற்றுக்கும் போகும் பழைய பாதையின் குறுக்கே புதிய உரிமையாளர் கம்பி வேலி போட்டிருந்தார். பெரியவர் சொன்ன முள் இங்கே இரும்பு முள்ளாக வந்திருந்தது.

முதலில் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி பெற்றேன். பிறகு ஆறாம் ஆண்டு மாணவர்களோடு சிவப்பு, வெள்ளைச் சாய டின்களை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். பள்ளி வாசலில் தொடங்கி, பழைய பெரட்டுக் களம், ஆயாக்கொட்டகை இருந்த மேடு, முனீஸ்வரர் கோயில், பம்ப் வீடு, மீண்டும் பள்ளி. இரண்டு கட்டை தூரம். கல்லிலும் கம்பத்திலும் பட்டை தீட்டினோம். ஒவ்வோர் இடத்திலும் அங்கே முன்பு என்ன இருந்தது என்று பிள்ளைகள் தங்கள் தாத்தா பாட்டிகளைக் கேட்டு எழுதி வந்தார்கள். பெரட்டுக் களம் என்றால் என்னவென்றே பல பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவு வாசல் வைக்கக் கேட்டு எழுதியிருக்கிறேன். இரண்டு கடிதம் போயிற்று, பதில் வரவில்லை. அதுவரை வேலியை ஒட்டியே சுற்றிப் போகிறோம். கோயிலுக்குப் போய்ச் சேரக் கால் மணி நேரம் கூடுதலாகிறது. மூன்றாவது கடிதத்தில் லயத்துக் குடும்பங்கள் எல்லாரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நடக்கிறோம். முதல் வாரம் நானும் நான்கு பிள்ளைகளும். இப்போது இருபதுக்கு மேல். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி, பால்வெட்டி ஒருவரின் பேத்தி, என்னை முந்திக்கொண்டு ஓடி, வளைவில் காத்திருந்து, "சார், சீக்கிரம் வாங்க" என்கிறாள். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பு வியர்க்க நடக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. அதற்கு இத்தாலி வேண்டியதில்லை.

சென்ற மாதம் என் தாயாரும் வந்தார். எழுபத்திரண்டு வயது. ஆயாக்கொட்டகை மேட்டருகே நின்று, "இங்கேதான் உன்னைத் தொட்டிலில் போட்டுவிட்டு மரம் வெட்டப் போவேன்" என்றார். தீட்டிய பட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "இந்த ரோடு இருக்குன்னு தெரிஞ்சுக்கவா அம்மாந்தூரம் போனே?" என்று கேட்டார்.

ஆமாம் என்றுதான் சொன்னேன். உங்கள் தோட்டத்திலும் அப்படியொரு பாதை இருக்கும். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, வரும் ஞாயிறு ஒரு முறை நடந்து பாருங்கள். கையில் ஒரு டின் சாயம் இருக்கட்டும்.